மூன்றாம் நான்காம் தலைமுறை: கூட்டு வன்முறையின் நினைவும் திருச்சபையின் பொறுப்பும்

முன்னுரை

வேலூர்க் கோட்டையின் மதிலுக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும், ஒரு பள்ளிவாசலும், 1846ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற தூய யோவான் ஆலயமும் உள்ளன. மூன்று சமயங்களின் வழிபாட்டிடங்கள் ஒரே அகழிக்குள் அமைந்திருப்பதை ஒற்றுமையின் அடையாளமாகக் காட்டிப் பேசுவது நம் வழக்கம். எனினும் இதே மதிலுக்குள் 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் பல நூறு மனிதர் ஒருவரையொருவர் கொன்று மடிந்தனர். அந்நாளின் நினைவு இன்று யாரிடம் உள்ளது? எவ்வடிவில் உள்ளது? எவருடைய நினைவு எஞ்சியது, எவருடையது மறைந்தது?

இவ்வினாக்கள் வரலாற்று மாணவருக்கு மட்டுமே உரியன அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய தோல் தொழில் ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஊழியம் புரியும் ஆயர் ஒவ்வொருவரும் ஞாயிறுதோறும் ஒரு நினைவுக் கூட்டத்தின் முன் நிற்கிறார். தாம் நேரில் காணாத வன்முறைகளின் சுமையைத் தோளில் ஏற்றவர்கள் அங்கு அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் பலர் அதைச் சொல்வதில்லை. சொல்லப்படாதது இல்லாமற் போவதும் இல்லை. கூட்டு வன்முறையின் நினைவு ஒரு தலைமுறையிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு செல்கிறது என்பதையும், அதில் திருச்சபைக்கு உரிய பொறுப்பு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நினைவு கைமாறும் வழிகள்

நினைவு என்பது தனி மனிதனின் உள்ளத்துக்குள் மட்டும் நிகழ்வது என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். பிரெஞ்சுச் சமூகவியலார் மொரிஸ் ஹால்புவாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்தார். குடும்பம், சமயம், வகுப்பு ஆகிய கூட்டங்கள் தரும் சட்டகத்துக்குள்தான் மனிதன் நினைக்கிறான். சட்டகம் குலைந்தால் நினைவும் குலையும் என்பது அவர் கண்ட உண்மை. இவ்வறிஞரே 1945இல் நாசிகளின் புக்கன்வால்டு வதைமுகாமில் மாண்டார் என்பது நம் சிந்தனைக்குரியது.

அவருக்குப்பின் செர்மானிய எகிப்தியல் அறிஞர் யான் அஸ்மான் நினைவை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வீட்டிலும் தெருவிலும் வாய்மொழியாக வாழும் நினைவு. இது ஏறத்தாழ 80 முதல் 100 ஆண்டுகள், அதாவது மூன்று அல்லது நான்கு தலைமுறைகள் நீடிக்கும். மற்றொன்று, நூல், கல், விழா, சடங்கு ஆகியவற்றில் நிலைபெறும் நினைவு. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஏறாத செய்தி, அதைக் கண்டவரின் பேரரோடு பெரும்பாலும் மடிந்துவிடும்.

இக்கணக்கு திருமறை மாணவருக்குப் புதியதன்று. தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரையில் விசாரிக்கப்படும் என்று யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் உரைக்கிறது. பண்டைய இசுரவேலில் ஒரே கூரையின்கீழ் வாழக்கூடிய தலைமுறைகள் அத்தனையே. ஆகவே இதைக் குற்றமற்ற பேரப்பிள்ளையைப் பின்தொடர்ந்து தண்டிக்கும் கடுமை எனக் கொள்வதைவிட, ஒரு வீட்டில் நிகழ்ந்த தீங்கு அவ்வீட்டில் வாழ்வோர் அனைவரையும் தொடும் என்னும் அனுபவ உண்மையாகக் கொள்வதே பொருந்தும்.

நினைவைச் சுமந்து செல்லும் வாகனங்கள் நான்கு எனலாம்: பேச்சு, மௌனம், இடம், சடங்கு. இவற்றுள் மௌனத்தையும் ஒரு வாகனமாகச் சேர்ப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். 1966இல் கனடா நாட்டு மனநல மருத்துவர் விவியன் ராக்கோஃப், யூதப் படுகொலைக்குத் தப்பியோரின் பிள்ளைகளிடம் பெற்றோரின் துயரம் வேறு உருவில் வெளிப்படுவதை எழுதினார். பெற்றோர் வாய் திறவாத வீடுகளிலும் பிள்ளைகள் எதையோ அறிந்திருந்தனர். எதை அறிந்திருந்தனர் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அண்மைக்காலத்தில் இத்தகைய துயரம் மரபணுக்களின் செயற்பாட்டிலும் தடம் பதிக்கக்கூடும் என்று சில ஆய்வாளர் கூறியுள்ளனர். அது அறிஞரிடையே இன்னும் வழக்கில் உள்ள கருத்து. நாம் அதன்மேல் கட்டடம் எழுப்ப வேண்டுவதில்லை. தாயின் அச்சத்தைக் குழந்தை கற்றுக்கொள்வதற்கு மரபணு வேண்டுவதில்லை. குறிப்பிட்ட தெரு வந்ததும் தாய் கையை இறுகப் பற்றுவதே போதுமானது.

நம் சேரிகளில் மூதாட்டி ஒருவரிடம் பழைய கலவரத்தைப் பற்றி வினவினால், "அதெல்லாம் இப்ப எதுக்குங்க ஐயா" என்று பேச்சை மாற்றுவதைக் காண்கிறோம். அம்மறுமொழி மறதியைக் காட்டுவதன்று. அதுவே ஒருவகை ஒப்படைப்பு. எதைப் பற்றிப் பேசலாகாது என்பதை அருகில் அமர்ந்திருக்கும் பேத்தி அக்கணமே கற்றுக்கொள்கிறாள்.

2. வேலூர், 1806

வாய்மொழிக் காலம் கடந்தபின் என்ன எஞ்சும் என்பதை அறிய வேலூர் நமக்குப் பாடமாகிறது. 1805ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைப் பிறப்பித்தார். இந்தியச் சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி மழிக்கப்பட வேண்டும், தோலாலான குஞ்சம் பொருத்திய புதுத் தலைப்பாகை தரிக்க வேண்டும் என்பன அவை. 1806 மே மாதத்தில் மறுப்புத் தெரிவித்தோருக்குக் கசையடி தண்டனை விதிக்கப்பட்டது. புதுத் தலைப்பாகை பறங்கியரின் தொப்பியை ஒத்திருந்தமையால், எல்லாரையும் கிறிஸ்தவராக்குவதற்கு இது முதற்படி என்னும் வதந்தி பரவியது. திப்பு சுல்தானின் மைந்தர்கள் கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்தமையும் கொந்தளிப்புக்குத் துணையாயிற்று.

ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஆங்கில வீரர் பலர் உறக்கத்திலேயே கொல்லப்பட்டனர். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் மாண்டார். மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. காலையில் ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டார். அதன்பின் நிகழ்ந்தது பழிவாங்கல். அரண்மனைக்குள் புகலிடம் தேடிய ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்து வரப்பட்டு, சுவர் ஓரம் நிறுத்திச் சுடப்பட்டனர். பின்னர் விசாரணை நடத்திச் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தனர், சிலரைத் தூக்கிலிட்டனர், சிலரை நாடு கடத்தினர். ஆங்கிலேயர் தரப்பில் மாண்டோர் ஏறத்தாழ 130 பேர். சிப்பாய்களுள் மாண்டோர் 350க்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. அதனினும் மிகுதி என்போரும் உளர். ஒரு தரப்பில் எண்ணிக்கை, மறு தரப்பில் மதிப்பீடு: இவ்வேறுபாட்டிலேயே நம் பொருள் அடங்கியுள்ளது.

நான்கு வாகனங்களையும் இங்குப் பொருத்திப் பார்ப்போம். ஆங்கிலேயரின் நினைவுக்குக் கல் கிடைத்தது. கோட்டைக்கு அருகிலுள்ள ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் அவர்களின் நினைவுச்சின்னம் நிற்கிறது. சொல்லும் கிடைத்தது, குழந்தைகளுடன் ஒளிந்திருந்து உயிர் தப்பிய தளபதியின் மனைவி எழுதிய குறிப்பு பிற்காலத்தில் அச்சேறியது. சடங்கும் கிடைத்தது, நம் திருச்சபையின் அடக்க ஆராதனை அவர்களுக்கு உரியதாயிருந்தது. சிப்பாய்களுக்கோ இம்மூன்றும் இல்லை. அவர்கள் வாக்குமூலங்கள் விசாரணைக் குழுவின் ஆங்கில ஏடுகளில், வினவியவரின் மொழியில் உள்ளன. அவர்கள் சேர்ந்திருந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. திப்புவின் மைந்தர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். உடை விதிகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். இவ்வாறு கோப்பு மூடப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் நாட்டு விடுதலை இயக்கம் வளர்ந்தபின், இந்நிகழ்ச்சி விடுதலைப் போரின் முன்னோடியாக மறுபிறப்பு எடுத்தது. வேலூர் மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் எழுந்தது. இருநூறாம் ஆண்டாகிய 2006இல் இந்திய அஞ்சல்துறை தலை வெளியிட்டது. இது வேண்டத்தக்க நீதியே. எனினும் ஒன்றைக் கருத வேண்டும். தூண் எழுந்தபோது அழுவதற்குப் பேரர் எவரும் இல்லை. நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் அரசு எழுப்பும் கல், நாட்டின் பெருமையை நினைவூட்டுகிறது. மாண்டவன் ஒருவனின் முகத்தை அது மீட்டுத்தர இயலாது.

3. குஞ்சத்தின் தோல்

இந்நினைவில் மேலும் ஒரு மறைவு உள்ளது. நம் பகுதித் திருச்சபை அதை மற்றெவரையும்விட நன்கு உணரக்கூடும். 1806இல் தீராத இழிவாகக் கருதப்பட்ட பொருள்களுள் ஒன்று தலைப்பாகையிலிருந்த தோல். உயர்ந்த சாதியாருக்குத் தோல் தீட்டு. பன்றித்தோலோ என்னும் ஐயம் முஸ்லிம்களுக்கு இருந்தது. ஒரு மனிதன் தன் சமயத் தூய்மை கெடுக்கப்படுவதை எதிர்க்க உரிமை உடையவன் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் தோல் தீட்டானால், அத்தோலை உரித்துப் பதனிட்ட கைகளின் நிலை என்ன?

இவ்வினாவை அந்நாளின் வரலாறு கேட்கவில்லை, நினைவுத்தூணும் கேட்பதில்லை. ஓர் அநீதியின் நினைவுக்குள் அதனினும் பழைய அநீதியொன்று பேச்சற்றுக் கிடக்கிறது. தோலைத் தொட்டமையால் தொடப்படாதவராக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே இன்று நம் சபைகளில் மிகுதியாக உள்ளனர். பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றோரும், ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் புரட்டியோரும் அவர்களின் முன்னோருள் உளர். அவர்களுக்கு நேர்ந்த வன்முறை ஒருநாட் காலையில் தொடங்கி மாலையில் முடிந்ததன்று. ஆகவே அதற்கு ஆண்டு நாள் குறிக்க இயலாது; ஆண்டு நாள் இல்லாததற்கு நினைவு நாளும் இல்லை.

நினைவு தேர்ந்தெடுக்கும் இயல்புடையது என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஒவ்வொரு நினைவுக் கல்லின் முன்னும் நின்று, "இங்கே இல்லாதவர் யார்?" என்று வினவுவது இறையியலாரின் கடமை.

கிறிஸ்தவர்களாகிய நம்மைக் குறித்தும் வேலூர் நினைவு ஒரு வினா எழுப்புகிறது. மக்களைக் கிறிஸ்தவராக்கப் போகின்றனர் என்னும் வதந்தியில் நம் பெயர் கலந்திருந்தது. இங்கிலாந்தில் அருட்பணியை எதிர்த்தோர் வேலூரையே சான்றாகக் காட்டினர்; 1808இல் சிட்னி ஸ்மித் அவ்வாறு எழுதினார். அதே ஆண்டில் பாப்திஸ்து அருட்பணிச் சங்கத்தின் ஆண்ட்ரூ ஃபுல்லர் மறுப்பு எழுதினார். குற்றம் அருட்பணியாளருடையது அன்று என்பதை நிலைநாட்டுவதில் இரு நூற்றாண்டுகளாக நாம் முனைப்பாக இருந்துள்ளோம். அது வரலாற்றளவில் பெரிதும் உண்மையே. ஆயினும் அண்டை வீட்டான் நம்மை ஏன் அஞ்சினான் என்று கேட்பதற்கு அம்முனைப்பு இடந்தரவில்லை.

4. மூடிக்கொண்டிருக்கும் கதவு

வேலூரின் வாய்மொழிக் காலம் முடிந்துவிட்டது. இன்னும் முடியாத ஒன்றை இனிக் காண்போம். அது நம் மாவட்டத்தில் நிகழ்ந்ததன்று. ஆயினும் நம் திருச்சபை ஆண்டின் மையத்தில் நிகழ்ந்தது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அந்நாளைய தஞ்சை மாவட்டக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அமைத்த தலித் உழவுத் தொழிலாளரின் குடும்பத்தார் 44 பேர் குடிசையொன்றினுள் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களுள் மிகுதி. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுவித்தது.

அன்றிரவு நம் ஆலயங்களில் விளக்குகள் எரிந்தன. பெத்லகேமின் குழந்தையைப் பற்றிய பாடல்கள் ஒலித்தன. அதில் நமக்குக் குற்றமில்லை, நமக்குத் தெரியாது. ஆனால் மறு ஆண்டு தெரியும். அதற்கடுத்த ஆண்டும் தெரியும். வெண்மணியின் நினைவைச் சுமந்தோர் பொதுவுடைமை இயக்கத்தார். அவர்கள் நினைவகம் எழுப்பி, ஆண்டுதோறும் அந்நாளில் அங்குக் கூடுகின்றனர். இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' என்னும் நாவலில் அதை எழுதினார். 1977இல் அது சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. இவற்றோடு ஒப்பிட்டால் நம் கிறிஸ்துமஸ் பிரசங்கங்களில் அப்பெயர் எத்தனை முறை ஒலித்தது என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம்.

1968இல் பத்து வயதுச் சிறுவனாயிருந்தவன் இன்று அறுபதைக் கடந்த முதியவன். யான் அஸ்மான் கூறிய காலவரம்பின் பிற்பகுதியில் நாம் நிற்கிறோம். வெண்மணிக்கு நினைவகமும் நூலும் உள, அது மறையாது. ஆனால் செய்தித்தாளில் இடம்பெறாத ஊர்கள் எத்தனை? குடிநீர்க் கிணற்றுக்காக, சுடுகாட்டுப் பாதைக்காக, தேர் தங்கள் தெருவுக்கு வரவேண்டும் என்று கேட்டமைக்காக ஒரு தெருவே அடிபட்ட இரவுகள் நம் சபையார் பலருடைய குடும்பங்களில் உண்டு. அவற்றின் சான்றாளர் இன்று நம் ஆலயத்தின் பின்வரிசையில் கைத்தடியுடன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை நாம் அடக்கம் செய்யும் நாளில், அவர்களோடு ஒரு நூலகமும் புதைக்கப்படுகிறது.

5. நினைவின் இரு நோய்கள்

எனினும் நினைப்பதெல்லாம் நன்மை தரும் என்று எண்ணுதல் கூடாது. நினைவுக்கு நோய்கள் இரண்டு உண்டு. ஒன்று முன்னர்க் கூறிய மௌனம், மற்றொன்று பழி. 1389இல் கொசோவோவில் துருக்கியரிடம் செர்பியர் அடைந்த தோல்வி, அறுநூறு ஆண்டுகள் பாடலிலும் வழிபாட்டிலும் காக்கப்பட்டது. 1989 ஜூன் 28ஆம் நாள் அப்போர்க்களத்தில் பெருங்கூட்டத்தின் முன் மிலோசெவிச் உரையாற்றினார். பின்வந்த ஆண்டுகளில் யுகோசுலாவியா குருதியில் மூழ்கியது. ஆறு நூற்றாண்டுப் புண்ணை நேற்றைய புண்ணாகக் காட்டும் ஆற்றல் நினைவுக்கு உண்டு. அதைக் காத்துவைத்த நிறுவனங்களுள் அந்நாட்டுத் திருச்சபையும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது.

திருமறை இவ்விரு நோய்களையும் அறிந்துள்ளது. பிதாக்கள் திராட்சைக்காய் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்று இசுரவேலர் வழங்கிய பழமொழியை எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் கண்டித்துத் தள்ளுகிறது. இன்று உயிரோடிருப்பவனை அவன் பாட்டனின் குற்றத்துக்காகக் கொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அதன் பொருள். யாத்திராகமம் 20க்கும் எசேக்கியேல் 18க்கும் முரண்பாடு உண்டோ என மாணவர் வினவுவர். தீங்கின் விளைவு தலைமுறைகளைத் தொடரும் என்கிறது முன்னது. குற்றம் தொடராது என்கிறது பின்னது. விளைவைச் சீர்செய்யும் பொறுப்பு நமக்கு உண்டு. குற்றத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்தும் அதிகாரம் நமக்கு இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே பற்றிக்கொள்வதே மேய்ப்புப் பணியின் ஞானம்.

6. திருச்சபை: நினைவுகூரும் சமூகம்

திருச்சபை தன் இயல்பிலேயே நினைவுகூரும் சமூகம். அரசால் கொல்லப்பட்ட ஒருவரின் மரணத்தை நினைவுகூருவதே அதன் மைய வழிபாடு. ஆகவே வன்முறையின் நினைவை எவ்வாறு கையளிப்பது என்பதில் அது கற்றுக்குட்டி அன்று. ஆனால் தான் கற்றதை மறந்திருக்கிறது.

யாத்திராகமம் 12ஆம் அதிகாரமும் யோசுவா 4ஆம் அதிகாரமும் ஒரே முறையைக் கற்பிக்கின்றன. முதலில் ஒரு சடங்கு அல்லது கற்குவியல். அதைக் கண்டு பிள்ளை கேட்கும் வினா. அதன்பின் பெற்றோரின் விடை. கல் தானாகப் பேசுவதில்லை. கேட்கும் பிள்ளையும் சொல்லும் தந்தையும் இல்லாவிடில் கில்காலின் பன்னிரு கற்களும் வெறுங்கற்களே. சொல்லும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எகிப்தில் அந்நியராயிருந்ததை நினைத்து அந்நியரிடம் அன்புகூர வேண்டும் என்கிறது உபாகமம் 10; எகிப்தியனை அருவருக்கலாகாது என்கிறது அதே நூலின் 23ஆம் அதிகாரம். யூதர் இன்றும் பஸ்கா இரவில் பத்து வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து திராட்சரசத்தைச் சொட்டுச்சொட்டாகக் குறைக்கின்றனர். பகைவரின் சாவினால் தங்கள் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைவாகாது என அதற்கு விளக்கம் கூறுவர். துன்பத்தை மறவாமலும் வெறுப்பை வளர்க்காமலும் நினைவுகூர இயலும் என்பதற்கு இது சான்று.

மத்தேயு நற்செய்தியாளரும் இதையே செய்கிறார். ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றதை எழுதும்போது, எரேமியா 31இல் வரும் ராகேலின் அழுகையை நினைவூட்டுகிறார். சிறைப்பட்டுப் போன மக்களுக்காக எழுந்த ஒரு பழைய புலம்பல், ஆறு நூற்றாண்டுகளுக்குப்பின் புதிய தாய்மாரின் அழுகைக்குச் சொல்லாகிறது. சொல்லற்ற துயரத்துக்கு முன்னோரின் சொல்லைத் தருவது மறையின் பணி. கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே எரிந்த குடிசைகளுக்கு இடம் உண்டு. நாம்தான் மூன்று சாத்திரிகளோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறோம்.

செர்மானிய இறையியலார் யோகான் பாப்திஸ்து மெட்ஸ் பதினாறு வயதில் போருக்கு அனுப்பப்பட்டார். செய்தி கொண்டுசென்று திரும்பியபோது தம் குழுவினர் அனைவரும் மாண்டு கிடக்கக் கண்டார். அவரே பிற்காலத்தில் இயேசுவின் பாடுகளை 'ஆபத்தான நினைவு' என அழைத்தார். வென்றவர் எழுதிய வரலாற்றை அது அமைதியாக உறங்கவிடாது என்பது அதன் கருத்து. நம் நாட்டில் 1980களில் அர்விந்த் நிர்மல், உபாகமம் 26இல் காணும் விசுவாச அறிக்கையைத் தலித் மக்களின் வரலாற்று அறிக்கையாக வாசித்துக் காட்டினார். அரசரடியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளையும் மக்கள் மொழியையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். சதியநாதன் கிளார்க் 1998இல் வெளிவந்த தம் நூலில், எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் இறையனுபவத்தையும் எதிர்ப்பையும் பறையில் காத்துவைத்தனர் எனக் காட்டினார். பறையும் தோலே. கோட்டைக்குள் தீட்டெனத் தள்ளப்பட்ட தோல், சேரியில் நினைவின் ஏடாக இருந்தது. அதனை ஆலயத்துக்கு வெளியே நிறுத்திய நம் முன்னோர் எதை வெளியே நிறுத்தினர் என்பதை இப்போது உணர்கிறோம்.

7. ஆயர் செய்யத்தக்கன

கோட்பாடு போதாது, செயல் வேண்டும். முதலாவதாக, சபையின் முதியோரிடம் செவிகொடுத்தல். ஆயர் காவல்துறை அதிகாரியோ செய்தியாளரோ அல்லர். கிளறி எடுத்தல் கூடாது. அவர்கள் தாமாகப் பேசும் நாள் வரை காத்திருத்தல் வேண்டும். பேசியதை அவர்கள் இசைவு பெற்று, அவர்கள் சொன்ன வழக்குமொழியிலேயே எழுதி வைக்க வேண்டும். பெயர் வெளியானால் இன்றும் தீங்கு நேரக்கூடிய இடங்களில் பெயரை மறைத்தல் இன்றியமையாதது. இயன்றால் அவ்வேளையில் பேரப்பிள்ளை ஒருவர் உடனிருக்கட்டும்.

இரண்டாவதாக, திருச்சபை ஆண்டைப் பயன்படுத்துதல். டிசம்பர் 28 மாசற்ற குழந்தைகளின் நாள். அதற்கு மூன்று நாள் முன்னர் வெண்மணி. அவ்வாரத்தின் பொது மன்றாட்டில் 44 பேரை நினைவுகூருவதற்குப் புதிய ஒழுங்குமுறை எதுவும் வேண்டியதில்லை.

மூன்றாவதாக, திடப்படுத்தல் வகுப்பு. வேலூர்ப் பகுதி ஆயர்கள் தம் மாணவரை ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்துக்கும் நினைவுத்தூணுக்கும் ஒரே நாளில் அழைத்துச் செல்லலாம். இரண்டும் கோட்டைக்கு அருகிலேயே உள்ளன. இரு கற்களின் முன்னும் பிள்ளைகள் வினவட்டும். இரு தரப்பிலும் மாண்டோர் தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்பதையும், இரு கற்களிலும் இடம்பெறாதோர் உண்டென்பதையும் அவர்கள் அறியட்டும். அண்டையிலுள்ள முஸ்லிம், இந்து நண்பரின் பிள்ளைகளும் உடன்வரின் நன்று. அன்று கோட்டையைக் கொளுத்தியது வதந்தி. இன்று வதந்தி கைப்பேசியில் விரைகிறது. ஒருவருக்கொருவர் முகமறிந்த பிள்ளைகளிடம் அது எளிதில் பற்றாது.

நான்காவதாக, அறிக்கையிடல். தனி இருக்கை, தனிக் கிண்ணம், தனிக் கல்லறை எனச் சாதியைக் காத்த சபைகள் தமிழ்நாட்டில் இருந்தன. பிரிந்த கல்லறைகள் இன்றும் உள. பிறர் இழைத்த வன்முறையை நினைவுகூரும் திருச்சபை தன் கையிலுள்ள கறையை மறைக்குமாயின், அதன் நினைவுகூரல் மாயமாகும்.

முடிவுரை

உயிர்த்தெழுந்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் நின்றபோது அவர் கைகளில் காயத்தின் தழும்புகள் இருந்தன என்று யோவான் 20ஆம் அதிகாரம் அறிவிக்கிறது. உயிர்ப்பு அவற்றைத் துடைத்துவிடவில்லை. அவர் அவற்றை மறைக்கவும் இல்லை. அவற்றைக் காட்டிப் பழிவாங்க எழுமாறு சீடரை ஏவவும் இல்லை. காயத்தைக் காட்டினார், சமாதானம் கூறினார். நம் மக்களின் நினைவு இவ்வடிவம் பெறுமாறு துணைநிற்பதே நமக்கு அளிக்கப்பட்டுள்ள பணி.

வேலூரில் சுவரோரம் நின்ற சிப்பாய்களின் பிள்ளைகள் என்ன கேட்டனர், அவர்களுக்கு யார் விடை கூறினர் என்பதை இனி மீட்க இயலாது. பின்வரிசையில் கைத்தடியுடன் அமர்ந்திருக்கும் முதியவரின் பேத்தி இன்னும் கேட்கவில்லை. அவள் கேட்கும் நாளில் விடை கூற ஒருவர் இருக்க வேண்டும்.